எழுவாய் இல்லாத போர்: அருவ ஓவியமும் போர்மொழியும்



மொழியியல் கற்ற ஒருவன் ஓவியத்தைப் பற்றிப் பேச வந்திருப்பதேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் ஓவியத் திறனாய்வாளன் அல்லேன். ஆயினும் இன்றைய பொருள் என் துறையின் வாயிலில்தான் நிற்கிறது. ஓவியர் ஒருவர் போரைப் பற்றி வரைகிறார். அந்தத் திரையில் படைவீரர் இல்லை, பீரங்கி இல்லை, பிணமும் இல்லை. கறுப்புத் திட்டுகளும் சில கோடுகளும் மட்டுமே உள்ளன. அருகிலுள்ள சிறு அட்டையில் ஒரு போரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கறுப்புத் திட்டு எவ்வாறு அந்தப் போரைக் குறிக்கும்? ஒரு குறி பொருளை எவ்வாறு சுட்டுகிறது என்ற இந்த வினாவே மொழியியலின் முதல் வினாவுமாகும். எனவே, இலக்கணம் என்னும் விளக்கைக் கையில் ஏந்தி ஓவியக்கூடத்துக்குள் நுழைய உங்களை அழைக்கிறேன்.

அருவம், உருவம், அருவுருவம்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் பொருளின் வடிவத்தைப் பின்பற்றாத ஓவியத்தை அரூப ஓவியம் என்றும் அருவ ஓவியம் என்றும் தமிழில் எழுதி வருகிறார்கள். பேச்சில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அது ‘புரியாத ஓவியம்’ என்பது. அந்தப் பெயரை நாம் இங்கேயே விட்டுவிடலாம்.

நம் சமய மரபு இறைவனின் திருமேனியை அருவம், உருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுத்தது. நடராசர் திருமேனி உருவம். இலிங்கம் அருவுருவம். அதற்குக் கண்ணில்லை, கையில்லை. எனினும் கண்ணால் காணத்தக்க ஒரு வடிவம் உண்டு. இலிங்கத்தின் முன் நிற்கும் முதியவர் எவரும் “இதற்கு முகம் எங்கே?” என்று கேட்பதில்லை. முகமில்லாத வடிவத்தின் முன் நின்று பொருள்கொள்ளும் பயிற்சி நமக்குப் பன்னூறு ஆண்டுகளாக இருக்கிறது. போரைப் பற்றிய ஓவியங்கள் பல இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. முழு உருவமும் இல்லை, முழு அருவமும் இல்லை. அவற்றை அருவுருவ ஓவியங்கள் என்று அழைத்தால் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

போர்மொழியின் அருவம்

ஓவியத்தில் மட்டுமா அருவம் இருக்கிறது? மொழியிலும் இருக்கிறது. போரைப் பற்றி நாள்தோறும் நாம் படிக்கும் மொழி, எந்த ஓவியத்தைக் காட்டிலும் அருவமானது. இலக்கண வகுப்பில் நாம் கற்பிக்கும் நான்கு வடிவங்களை எடுத்துக்கொள்வோம்.

“வீரர்கள் ஊர்மக்களைக் கொன்றனர்.” இங்கே எழுவாய் உண்டு. எழுவாயை நீக்கிக் “கொன்றனர்” என்று மட்டும் சொன்னாலும், ‘அர்’ என்னும் விகுதி கொன்றவர்களையே சுட்டி நிற்கும். தமிழ் வினைமுற்றின் சிறப்பு அது. செய்தவன் தொடரிலிருந்து மறைந்தாலும் விகுதியில் அவன் தடம் இருக்கும்.

“ஊர்மக்கள் கொல்லப்பட்டனர்.” ‘படு’ என்னும் துணைவினை வந்து சேர்ந்ததும் அதே விகுதி இறந்தவர்களின் பக்கம் திரும்பிவிடுகிறது. கொன்றவருக்குத் தொடரில் இடமில்லை. ‘வீரர்களால்’ என்று சேர்க்கலாம். ஆனால் சேர்க்காவிட்டாலும் தொடர் நிறைவாகவே ஒலிக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

“ஊர்மக்கள் உயிரிழந்தனர்.” இப்பொழுது இறந்தவர்களே எழுவாய். குடையை இழந்தவர், பணத்தை இழந்தவர் போல அவர்கள் உயிரை இழந்துவிட்டார்கள். கொலை என்னும் செயலே தொடரை விட்டுப் போயிற்று.

“மோதலில் உயிரிழப்பு.” இது தலைப்புச் செய்தி. வினைமுற்று பெயராகிவிட்டது. காலம் இல்லை, இடம் இல்லை, எண் இல்லை, விகுதி இல்லை. செய்தவர், செய்யப்பட்டவர் இருவருமே மறைந்தனர். இதைவிட அருவமான ஓவியத்தை எந்த ஓவியர் வரைந்துவிட முடியும்?

இது தொடரளவில் நின்றுவிடுவதில்லை, சொல்லளவிலும் நிகழ்கிறது. நம் நாட்டில் 1948 முதல் 1960 வரை நடந்த ஆயுதப் போராட்டத்தை நாம் ‘அவசரகாலம்’ என்கிறோம். மலாயில் ‘டாருராட்’ என்பர். பன்னிரண்டு ஆண்டுகள் துப்பாக்கி ஒலித்தது. மக்கள் இலட்சக்கணக்கில் புதுக்கிராமங்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். ஆயினும் போர் என்னும் சொல் அதிகாரப் பெயரில் இடம்பெறவில்லை. போர் என்று பெயரிட்டால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நேரும் இழப்புக்கு லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் ஈடு தரமாட்டா என்பது இதற்குப் பலரும் காட்டும் காரணமாகும். சிலாங்கூரின் தோட்டங்களில் அக்காலத்தைக் கடந்த நம் பெரியவர்கள், போரின் நடுவில் வாழ்ந்தும் போரில் வாழ்ந்ததாகச் சொல்லச் சொல்லற்று இருந்தார்கள்.

இலங்கையில் 2009ஆம் ஆண்டு சனவரி முதல் வன்னியில் அரசு அறிவித்த நிலப்பகுதிகளுக்குப் ‘பாதுகாப்பு வலயம்’ என்று பெயர். அவ்வலயங்களுக்குள் அரசுப் படைகள் எறிகணை வீசியதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்று ஐ.நா. தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கையளித்தது. மக்களை வெளியேறவிடாது விடுதலைப் புலிகள் தடுத்ததாகவும் அதே அறிக்கை கூறிற்று. அந்த நிலத்தில் நின்றவர்களுக்கு ‘பாதுகாப்பு’ என்ற சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆகவே அருவம் என்பது தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. மறைக்கும் அருவம் ஒன்று உண்டு. மறைக்கப்பட்டதைக் காட்டும் அருவம் இன்னொன்று உண்டு. போரை வரையும் ஓவியரை மதிப்பிட நாம் கையில் எடுக்கவேண்டிய அளவுகோல் இதுவே.

பூவும் கல்லும்

போரை நேரே காட்டாமல் குறியால் சுட்டும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆநிரை கவர்தல் வெட்சி; நாட்டின்மேல் படையெடுத்தல் வஞ்சி; அரணை முற்றுதல் உழிஞை; களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை; வெற்றி வாகை. போரின் படிநிலைகள் செடிகொடிகளின் பெயரால் நிற்கின்றன. தும்பை என்றவுடன் அந்த வெண்பூவை மட்டுமா படிப்பவர் நினைக்கிறார்? களம் முழுவதும் அவர் கண்முன் விரிகிறது. இது ஓர் அருவக் குறியீட்டு முறை. அதே மரபு, நிலையாமையைக் கூறும் காஞ்சியையும் உடன் வைத்தது. இறந்தவனுக்காக ஏங்கிச் செயலற்று நிற்கும் கையறுநிலை என்னும் துறையையும் வைத்தது. பூச்சூடிப் போருக்குச் செல்வதை மட்டும் பாடியிருந்தால் அம்மரபு மறைக்கும் அருவமாகவே முடிந்திருக்கும்.

இன்னும் நெருக்கமான ஒரு சான்று உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. பிற்கால நடுகற்களில் வில்லேந்திய வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். இவற்றில் உருவம் இல்லை. கல், அதன்மேல் எழுத்து, அவ்வளவே. ஒரு கல்லில் இறந்தவனின் பெயரும் ஊரும் ‘ஆகோள்’ என்ற சொல்லும் உள்ளன. ஆநிரை கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் அதே சொல் அது. முகமில்லாத கல்லுக்கு அருகே பெயரும் செயலும் நிற்கும்போது அந்தக் கல் ஒரு மனிதனாகிவிடுகிறது. அருவ ஓவியமும் அதன் தலைப்பும் சேர்ந்து செய்யும் வேலையும் இதுதான்.

நான்கு ஓவியர்கள்

இந்த அளவுகோலோடு இப்பொழுது ஓவியக்கூடத்துக்குள் செல்வோம்.

அமெரிக்க ஓவியர் ராபர்ட் மதர்வெல், 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்ததை நினைந்து 1948இல் ஒரு தொடரைத் தொடங்கினார். வெள்ளைப் பரப்பில் கறுப்பு முட்டை வடிவங்கள்; அவற்றை நெருக்கும் கறுப்புத் தூண்கள். பல பத்தாண்டுகளாக நூற்றுக்கும் மேற்பட்ட திரைகளில் அதே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ‘ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கற்பா’ என்பது அத்தொடரின் பெயர். பெயரை எடுத்துவிட்டால் அவை வெறும் வடிவங்கள். பெயரோடு பார்த்தால், ஒப்பாரியில் ஒரே அடி மீண்டும் மீண்டும் வருவதைப் போன்ற துயரம் அவற்றில் தெரியும். நம் மொழியில் சொன்னால் அது கையறுநிலை.

அதே போரில் 1937 ஏப்ரல் 26ஆம் நாள் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிக்கா என்னும் பாஸ்க் நகரின்மேல் குண்டு வீசின. பிக்காசோ அதனை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட திரையில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களால் வரைந்தார். அதில் விமானம் இல்லை. அலறும் குதிரையும், இறந்த குழந்தையை ஏந்திய தாயும் சிதைந்த வடிவங்களாக உள்ளனர். அருவுருவத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அந்த ஓவியத்தின் திரைச்சீலைப் படி ஒன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் வாயிலில் தொங்கியது. 2003 பிப்ரவரியில், ஈராக்கின்மேல் போர் தொடுப்பதற்கான காரணங்களை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் எடுத்துரைக்க வந்த நாள்களில், நீலத் துணியால் அதை மூடி வைத்தார்கள். தொலைக்காட்சிப் படக்கருவிகளுக்கு அது தக்க பின்னணியன்று என்று விளக்கம் கூறப்பட்டது. விளக்கம் எதுவாயினும் நமக்கு ஒன்று தெளிவாகிறது: காட்டும் ஆற்றல் இல்லாத ஒன்றை எவரும் மூட நினைப்பதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1941இல் பினாங்கில் பிறந்து 2016இல் மறைந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் நம் ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டிய ஓவியர். வாஷிங்டனில் கோர்கோரன் கலைப்பள்ளியில் பயின்றவர். வியட்நாம், லெபனான் போர்களையும் சுற்றுச்சூழல் அழிவையும் தம் கலைக்குப் பொருளாகக் கொண்டவர். நாளிதழ்ப் படங்களை எடுத்து, அவற்றோடு தடித்த தூரிகை வீச்சுகளைக் கலந்து வரைந்தார். அவர் தூய அருவ ஓவியர் அல்லர். நான் முன்னர்ச் சொன்ன அருவுருவ வழியில் நடந்தவர்.

1986 ஏப்ரலில் பிரிட்டனிலுள்ள தளங்களிலிருந்தும் புறப்பட்ட அமெரிக்க விமானங்கள் லிபியாவின்மேல் குண்டு வீசின. அவ்வாண்டு நிர்மலா ‘ஃபிரெண்ட்ஸ் இன் நீட்’ என்னும் ஓவியத்தைப் படைத்தார். ஆபத்துக்கு உதவும் நண்பர்கள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதில் அதிபர் ரேகனும் பிரதமர் தாட்சரும் வாயாங் கூலிட் பாவைகளாக வருகிறார்கள். வாயாங் கூலிட்டில் நாம் காண்பது திரையில் விழும் நிழலை மட்டுமே. ஆட்டுவிக்கும் டாலாங் திரைக்குப் பின்னே இருப்பார். போர்மொழியும் இப்படித்தான் நிழலைக் காட்டி, ஆட்டுவிப்பவரைத் திரைக்குப் பின்னே வைக்கிறது. தலைவர்களையே பாவைகளாக்கித் திரைக்கு முன்னே கொண்டுவந்தார் நிர்மலா. “குண்டுவீச்சு நடந்தது” என்ற தொடருக்கு அவர் எழுவாயைத் திருப்பித் தந்தார் என்பேன். தலைப்பின் எள்ளலும் கருதத்தக்கது. நட்பைப் போற்றும் பழமொழியைப் போரின்மேல் ஒட்டியதும், அந்தச் சொல் தானே வெட்கித் தலைகுனிகிறது.

நான்காவதாக யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். 2011இல் வெளிவந்த அவருடைய நூலின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனலாம். தோம்பு என்பது நிலவுடைமைப் பதிவேடு. போர்த்துக்கேயரின் ‘தோம்போ’ யாழ்ப்பாணத் தமிழில் இவ்வாறு நிலைத்தது. போரால் வீடிழந்தவர்கள் தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதனை ஒரு கட்டடக் கலைஞர் அளவோடு மறுபடியும் வரைந்தார். அதன்பின் ஓவியர் தம் சித்திரத்தைச் சேர்த்தார். ஒரு வீட்டின் தரைப்படத்தைக் காட்டிலும் அருவமான கோட்டுருவம் ஏது? சில சதுரங்கள், ஒரு கிணற்றின் வட்டம், ஒரு மரத்தின் புள்ளி. துப்பாக்கி ஒன்றுகூட இல்லாமல் அந்நூல் போரைச் சொல்கிறது. அரசின் பதிவேட்டுக்குரிய பெயரை எடுத்து அகதியின் நினைவுக்குச் சூட்டியது அந்நூலின் நுட்பம்.

சிங்களக் கலைஞர் ஒருவரையும் இங்கே நினைவுகூர்வது நேர்மையாகும். சந்திரகுப்த தேனுவர 1997இல், கொழும்பின் சோதனைச் சாவடிகளில் நின்ற தகரப் பீப்பாய்களையே தம் கலைப்பொருளாக்கினார். அவற்றின்மேல் படைத்துறையின் பச்சை, பழுப்புத் திட்டுகள் பூசப்பட்டிருந்தன. அத்திட்டுகளுக்குத் தமிழில் ‘உருமறைப்பு’ என்று பெயர். சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: உருவை மறைப்பது. மறைப்பதற்கென்றே செய்யப்பட்ட அருவ ஓவியம் அது. அதைத் தெருவிலிருந்து எடுத்துக் கலைக்கூடத்தில் வைத்ததும், நாள்தோறும் கடந்து சென்றவர்கள் கண்ணுக்குப் போர் தெரியத் தொடங்கியது. 1983 சூலை வன்முறையை நினைவூட்டி ஆண்டுதோறும் சூலை 23ஆம் நாளில் அவர் கண்காட்சி வைத்து வருகிறார்.

ஒரு மறுப்பு

“துயரத்தை அழகிய திட்டாக்கிச் செல்வர் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கா இக்கலை?” என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான வினா. போரின் பெயரை ஒட்டிவிட்டால் எந்தக் கறுப்புத் திட்டும் போரோவியம் ஆகிவிடாது. ‘துயரம்’, ‘அமைதி’, ‘மானுடம்’ என்று பொத்தாம் பொதுவாகத் தலைப்பிட்டு, யார், எங்கே, எப்பொழுது என்ற மூன்றையும் தவிர்க்கும் ஓவியம் ‘மோதலில் உயிரிழப்பு’ என்ற தலைப்புச் செய்தியின் உடன்பிறப்பே. மறுபுறம், குருதி சொட்டும் உருவங்களை நிரப்பிய ஓவியமும் பார்ப்பவரை முகம் திருப்பச் செய்து, அதனால் மறைத்துவிடலாம். உருவமா அருவமா என்பது இரண்டாம் வினா. தடம் இருக்கிறதா என்பதே முதல் வினா.

நம் மரண ரயில்

இவ்வளவையும் நான் சொன்னது நம் வீட்டுக் கதை ஒன்றுக்காக. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டனர். அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாக மாண்டனர். ஜப்பானியர் அவர்களை ‘ரோமுஷா’ என்றனர். தொழிலாளர் என்பது அதன் பொருள். தமிழர் அப்பாதைக்கு இட்ட பெயர் ‘மரண ரயில்’. ஆர். சண்முகத்தின் நாவலுக்கும் ‘சயாம் மரண ரயில்’ என்பதே தலைப்பு. ஆட்சியாளரின் சொல் மறைத்ததை மக்களின் சொல் காட்டிற்று.

அந்த முகாம்களில் ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் போன்ற பிரிட்டிஷ் கைதிகள் மறைவாக ஓவியம் வரைந்தனர். வாந்திபேதி நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் சேர்ல் தம் ஓவியங்களை ஒளித்து வைத்தார். காவலர்கள் அங்கே நெருங்கமாட்டார்கள். இன்று அவை லண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பாதையோரத்தில் புதையுண்ட நம் தோட்டத் தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. புலிமான்கோம்பையில் ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல் கிடைத்தது, பெயரும் கிடைத்தது. கிள்ளானிலும் காப்பாரிலும் பால்மரம் வெட்டி, சயாமுக்குப் போய்த் திரும்பாதவருக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பிறந்த ஓர் இளம் ஓவியர் தம் கொள்ளுத்தாத்தாவை வரைய விரும்பினால் என்ன செய்வார்? நிழற்படம் இல்லை. முகம் தெரியாது. இட்டுக்கட்டி ஒரு முகத்தை வரைந்தால் அது பொய்யாகலாம். முகமில்லாத வடிவம், அதனருகே பெயர், அவர் புறப்பட்ட தோட்டம், ஆண்டு ஆகியவற்றை வைத்தால் அது உண்மை. இந்த இடத்தில் அருவம் நாகரிகமன்று, நேர்மையின் கட்டாயம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இரண்டு பயிற்சிகளை முன்வைக்கிறேன். ஒன்று, செயப்பாட்டுவினையைக் கற்பிக்கும் நாளில் போர்ச் செய்தித் தலைப்பு ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதனைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். எழுவாயை எங்கிருந்து எடுப்பது என்று மாணவர் திகைப்பர். அந்தத் திகைப்பிலிருந்து அவர்கள் தேடத் தொடங்கட்டும். இரண்டு, தேசியக் கலைக்கூடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது “இது என்ன படம்?” என்று கேட்காதீர்கள். “இதன் தலைப்பு எதைப் பெயரிடுகிறது? செய்தவர் எங்கே? பட்டவர் எங்கே? எவர் பெயர் விடுபட்டிருக்கிறது?” என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இவ்வாரமே கேளுங்கள். சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், பெயர் என்ன என்று எழுதி வையுங்கள். நாளை ஒருவர் வரையப்போகும் ஓவியத்துக்கு உரிய தலைப்பு இன்று உங்கள் பாட்டியின் நினைவில்தான் இருக்கிறது. அவருக்குப் பின் அதைச் சொல்ல ஆளில்லை.